‘எந்தப் பக்கம்?’ என்று கேட்ட அக்கா

போன கிழமை உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அம்மாவும் நானும் வர முடியாத நாளில் உங்களைக் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர் யார் என்று எழுத வேண்டும். பெயர், தொலைபேசி இலக்கம், கடைசியில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்: பிள்ளைக்கு இவர் என்ன உறவு? மகள் அதில் ‘அங்கிள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“ஓ மை காட், அப்பா. இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோர்ம்” என்றாள். மகன் சோபாவில் கிடந்தபடியே, “அப்பா தொடங்கிட்டார்” என்றான்.

தொடங்கியது நான் இல்லை, பிள்ளைகளே. இந்தக் கேள்வி எனக்குச் சொந்தமானதும் இல்லை. இது லண்டன் குட்மேய்ஸில் ஒரு மினிகாப் என்கிற வாடகைக் கார் அலுவலகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து எங்கள் கார்களை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் கேள்வி. மகளே, நீ அவரை ஒருமுறை பார்த்திருக்கிறாய். உனக்கு ஐந்து வயது. அவர் தந்த கறுப்பு மிட்டாயை வாயில் போட்டுவிட்டு, அது உப்பாக இருந்ததென்று அவருடைய கையிலேயே துப்பினாய். “டென்மார்க்கிலை பிள்ளையள் இதுக்கு அழுவினம். நீ இது வேண்டாமெண்டு அழுகிறாய்” என்று சிரித்தார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் விசாரிக்காமல் ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய பெயர் எனக்கு நெடுநாள் தெரியாது. ரேடியோவில் பெயர் கிடையாது. அவர் எங்களுக்கு அக்கா. நான் அவருக்கு ஏழு. என் காரின் இலக்கம் அது. “ஏழு, எங்கை நிக்கிறாய்?” “ஏழு, சாப்பிட்டியோ?” என் கல்யாண நாளுக்குக்கூட, “ஏழு, வாழ்த்துக்கள்” என்றுதான் ரேடியோவில் சொன்னார். ஐம்பதை நெருங்கிய வயது. வெயில் காலத்திலும் தடித்த காலுறை, மரக்கட்டைச் செருப்பு. மதியத்தில் செங்கல் போலக் கனத்த கறுப்பு ரொட்டிப் பாணில் இடித்த தேங்காய்ச் சம்பல் பூசிச் சாப்பிடுவார். பதினைந்து வருடம் டென்மார்க்கில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அங்கேயிருந்து கொண்டுவந்த இன்னொரு பழக்கமும் இருந்தது. ‘ஓம்’ என்று சொல்லும்போது மூச்சை வெளியே விடமாட்டார், உள்ளே இழுப்பார். ஆரேனும் கிள்ளிவிட்டது போல இருக்கும். புதிதாக வந்த சாரதிகள் ரேடியோ பழுது என்று நினைப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, “என் அங்கிளை ஸ்டேஷனில் ஏற்றவேண்டும்” என்பார். உடனே அக்கா ஆங்கிலத்தில், “அம்மாவின் சகோதரரா, அப்பாவின் சகோதரரா?” என்பார். பஞ்சாபிக்காரர்கள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களிடமும் தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலேயர்கள் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். பிறகு பணிவாக, “அம்மாவின் சகோதரர்” என்பார்கள். இது நிறுவனத்தின் விதி என்று நினைத்திருப்பார்கள். முதலாளி ஒருநாள் வந்து, ஏன் இப்படிக் கேட்கிறீர்கள், சனம் முறைப்பாடு சொல்கிறது என்று கேட்டபோது, “ஆளை அடையாளம் பிடிக்க உதவும்” என்று முகம் மாறாமல் சொன்னார். தாய்மாமனை ஸ்டேஷன் வாசலில் எப்படி அடையாளம் பிடிப்பது என்று முதலாளிக்கு விளங்கவில்லை. எங்களுக்கும்தான்.

“அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?” என்று மூன்றாம் இலக்கக் காரை ஓட்டுகிற அண்ணை பகிடி விடுவார்.

“நான் றேடியோப் பக்கம். நீ வண்டியைப் பார்த்து ஓட்டு. போன கிழமை பஸ் லேனுக்குள்ளை விட்டனீ.”

அவருடைய இடது கைப்பக்கச் சுவர் முழுவதும் மஞ்சள் துண்டுகள். சவாரி எழுதுகிற துண்டுகளின் பின்பக்கத்தில், தமிழ் எழுத்தில், ஒரு துண்டுக்கு ஒரு சொல். முதன்முதலில் நான் அதற்குப் பக்கத்தில் நின்று வாசித்தபோது வந்த வியப்பை இன்றும் மறக்கவில்லை. ‘ஃபார்’ என்றால் டெனிஷ் மொழியில் அப்பா. ‘மோர்’ என்றால் அம்மா. அப்படியென்றால் அப்பாவின் அப்பா?

“ஃபார்ஃபார்” என்றார் அக்கா. “அப்பப்பா. அம்மான்ரை அம்மா மோர்மோர். அம்மம்மா. அப்பான்ரை அம்மா?”

“ஃபார்மோர்.”

“பாத்தியோ, ஏழு. நீ டெனிஷ் கதைக்கிறாய்!”

டென்மார்க்கில் மொழி வகுப்பின் முதற்கிழமையிலேயே ஆசிரியை இந்தச் சொற்களைப் பலகையில் எழுதினாராம். வெளியே பனி, உள்ளே ஒரு சொல்லும் விளங்காத இருபது பேர். “அவ பலகையிலை எழுத எழுத எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. வெள்ளைக்காறி யாழ்ப்பாணத் தமிழ் எழுதுறா எண்டு நினைச்சன்.” அப்பாவின் சகோதரன் ஃபார்ப்ரோர், அம்மாவின் சகோதரன் மோர்ப்ரோர். அப்பாவின் சகோதரி ஃபாஸ்டர், அம்மாவின் சகோதரி மோஸ்டர். ஒருவரையும் ஒருவரோடும் கலக்காத சனம். அவருக்கு அந்த மொழி பிடித்துப்போனது அன்றுதான்.

நான் ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் பதினோராம் இலக்கக் கார் ஓட்டியவர் ஹொலன்டிலிருந்து வந்த சோமாலியர். டெனிஷ், ஜெர்மன், டச்சு, ஆங்கிலம் எல்லாம் ஒரு தாய்க்குப் பிறந்த மொழிகள் என்பதை நான் கூண்டுக்கு வெளியே தேநீர் குடித்தபடிதான் அறிந்துகொண்டேன். அக்கா எங்களை விடமாட்டார், சோமாலியரிடம் ஆங்கிலத்தில் கேட்பார். “ஏழு, ஜெர்மன்காரன் மாமாவை என்னெண்டுவான்?” “பதினொண்டு, டச்சிலை மருமகனுக்கு என்ன?” டச்சு மொழியில் சகோதரியின் மகனான மருமகனுக்கும் மாமாவின் மகனான மச்சானுக்கும் ஒரே சொல் என்று சோமாலியர் சொன்னபோது அக்கா தலையில் கை வைத்தார். அவருடைய சொந்த மொழியில் எப்படி என்று கேட்டார். அப்பாவின் சகோதரன் ‘அதேர்’, அம்மாவின் சகோதரன் ‘அப்தி’ என்றார் அவர். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் துண்டில் எழுதி ஒட்டிவிட்டு, அன்றைக்கு முழுவதும் அவருக்கு நல்ல சவாரிகளாகக் கொடுத்தார். மூன்றாம் அண்ணை ஒரு மணி நேரம் ரேடியோவில் முறுமுறுத்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலத்துக்கு எங்களிடம் ஓர் ஆள் இருந்தார். திங்கள், புதன், வெள்ளிகளில் நான் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வேன். சிறுநீரகம் பழுதானவர், இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஓய்வுபெறும்வரை அகராதி அச்சடிக்கிற இடத்தில் பிழை பார்க்கிற வேலை செய்தவர். காலையில் நான் கேள்வியைக் கொடுப்பேன். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து யோசித்துவிட்டு, திரும்பி வரும்போது பதில் சொல்வார். முகம் வெளிறியிருக்கும், குரல் மட்டும் உற்சாகமாக இருக்கும். “உங்கள் கொன்ட்ரோலரிடம் சொல்லுங்கள்” என்றுதான் தொடங்குவார். அக்காவை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

முதற்கேள்வி: ஆங்கிலத்தில் ஏன் ஒரே ஒரு அங்கிள்?

“ஒன்றல்ல, இரண்டு இருந்தன. தொலைத்துவிட்டோம்” என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் அம்மாவின் சகோதரன் ‘ஏயாம்’. அப்பாவின் சகோதரன் ‘ஃபேடெரா’. பிறகு பிரெஞ்சு பேசுகிற அரசர்கள் இந்த நாட்டைப் பிடித்தார்கள். அங்கிள், ஆன்ட், கஸின் எல்லாம் அவர்களோடு வந்த பிரெஞ்சுச் சொற்கள். அப்பா, அம்மா, சகோதரன், சகோதரி, மகன், மகள் ஆகிய சொற்களை மட்டும் சனம் விட்டுக்கொடுக்கவில்லை. “வீட்டுக்குள் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்ற எல்லாரும் பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டார்கள்” என்றார். இன்னொன்றும் சொன்னார். அங்கிள் என்ற சொல்லின் மூலமே லத்தீனில் தாய்மாமனைத்தான் குறித்ததாம். அப்பாவின் தம்பியைப் பிற்காலத்தில் அதற்குள் தள்ளிவிட்டார்கள்.

நான் இதை ரேடியோவில் சொன்னேன். எல்லாக் கார்களும் கேட்டன.

“பாவங்கள்” என்றார் அக்கா. “அம்மானைத் துலைச்ச சனம்.” தாய்மாமனை எங்கள் ஊரில் அம்மான் என்போம்.

ஜெர்மன் மொழிக்கும் அந்த அகராதிக்காரரே பதில் சொன்னார். ஜெர்மனியில் கஸினை ‘ஃபெட்டர்’ என்பார்கள். நான் வேலை செய்த இடத்தில் தினமும் கேட்ட சொல். அது முதலில் அப்பாவின் சகோதரனைக் குறித்ததாம். ஃபேடெராவும் ஃபெட்டரும் ஒன்றுதான், இரண்டுக்குள்ளும் அப்பா என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது என்றார். எனக்கு உடனே சித்தப்பா நினைவுக்கு வந்தார். சித்தப்பா என்றால் சிறிய அப்பா. அதற்குள்ளும் அப்பா இருக்கிறார் அல்லவா? காரை ஓரமாக நிறுத்தி அவரிடம் சொன்னேன். ‘சித்தப்பா’ என்பதை அவர் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “உங்கள் மொழிக்கும் எங்கள் மொழிக்கும் இரத்த உறவு இல்லை, அதைக் கவனமாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்” என்றார்.

ஜெர்மன்காரர் மகனின் மகனை ‘எங்கெல்’ என்பார்கள். பழைய காலத்தில் அதற்குச் ‘சின்னத் தாத்தா’ என்று பொருளாம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் தாத்தாவைப் பேரன் என்போம். தமிழ்நாட்டுக்காரர் மகனின் மகனைப் பேரன் என்பார்கள். ஒரு சொல் மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவனுக்கும் பொருந்துகிறது. இதைக் கேட்ட அன்று அக்கா ஒரு துண்டையல்ல, மூன்று துண்டுகளை ஒட்டினார்.

அந்தச் சுவரில் ஒரு துண்டு மட்டும் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்தபடி ஒட்டப்பட்டிருந்தது. வெறுந்துண்டு என்று நினைத்தோம். மூன்றாம் அண்ணை ஒருநாள் அதை உரித்துப் பார்க்கப் போனார். “தொடாதே” என்றார் அக்கா. பகிடிக் குரல் இல்லை அது. அண்ணை கையை எடுத்துவிட்டார்.

இது 2006இல். அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது.

என் சித்தப்பாவின் மகன் லண்டன் வந்து அகதி விண்ணப்பம் செய்திருந்தான். சித்தப்பா அவனுக்கு ஒரு வயதாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அவன் எங்கள் வீட்டில், என்னுடைய பாயில் படுத்து வளர்ந்தவன். விசாரணையில், இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, “அண்ணை இருக்கிறார்” என்றான். மொழிபெயர்த்தவர் சகோதரன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அவன் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தான். அதில் இருந்த அப்பாவின் பெயர் வேறு, என் பத்திரங்களில் இருந்த என் அப்பாவின் பெயர் வேறு. அந்தக் கடிதத்தில் விண்ணப்பத்தை மறுத்து எழுதியிருந்தார்கள். சகோதரன் என்று சொன்னது பொய், ஆகவே மற்றவற்றையும் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தது. மேல்முறையீட்டு விசாரணைக்கு ஒரு திகதி குறித்திருந்தார்கள். ஊரில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. திருப்பி அனுப்பினால் அவனுக்கு என்ன நடக்கும் என்பதை எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

கடிதத்தை அலுவலகத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். மூன்றாம் அண்ணை தேநீரைக் கீழே வைத்தார்.

“இது சின்ன விசயம், தம்பி. மொழிபெயர்த்தவனிலை போடு. பொடியன் ‘கஸின்’ எண்டுதான் சொன்னவன், அவன்தான் பிழையா மாத்திப்போட்டான் எண்டு சொல்லு. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. முடிஞ்சுது.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்கிறேன். அந்த மொழிபெயர்ப்பாளரை நான் கண்டதில்லை. அவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

“செய்யாதே” என்றார் அக்கா. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. “ஏழு, நீ ஜெர்மனியிலை உன்ரை பேப்பரிலை அவனை என்னெண்டு எழுதினனீ?”

பதினாறு வருடத்துக்கு முன், என் சொந்தக் கையால், சகோதரர்கள் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதியிருந்தேன். அதை எழுதும்போது பொய் சொல்கிறேன் என்று ஒரு துளியும் தோன்றவில்லை.

“அங்கை ஆரிலை பழி போடுவாய்?”

அக்கா எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் துண்டை உரித்து, திருப்பி மேசையில் வைத்தார். மை மங்கியிருந்தது. ‘ப்ரோர் – அண்ணா’. ப்ரோர் என்றால் கூடப்பிறந்த சகோதரன். அவ்வளவுதான்.

“டென்மார்க்கிலை நான் மூண்டு வருசம் அகதி விசாரணையளிலை மொழிபெயர்த்தனான்” என்றார். “ஒரு மனிசனிட்டைக் கேட்டினம், வீட்டிலை ஆரைப் பிடிச்சுக்கொண்டு போனவை எண்டு. அண்ணாவை எண்டார். நான் ‘ப்ரோர்’ எண்டன். ரண்டு மாதம் கழிச்சு, கூடப்பிறந்த ஆக்களின்ரை பேரைச் சொல்லு எண்டினம். ரண்டு தங்கச்சிமாரைச் சொன்னார். அண்ணா எண்டு ஆளே இல்லை. பெரியப்பான்ரை மகன். ‘முதல் ஒருத்தன் இருந்தவன், இப்ப இல்லையோ’ எண்டு எழுதிப்போட்டினம்.”

“அது உங்கடை பிழையில்லை, அக்கா” என்றார் மூன்றாம் அண்ணை.

“அவரும் அதைத்தான் சொன்னவர். கொரிடோரிலை என்னைக் கண்டிட்டு, ‘தங்கச்சி, நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள், கவலைப்படாதேங்கோ’ எண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். அவரைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். பேந்து ஒரு செய்தியும் இல்லை.”

சோமாலியருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் கோப்பையை மெல்லமாக வைத்தார்.

“இங்கிலீசுக்காரருக்குச் சொல் துலைஞ்சு போச்சு. அவை பிழை விட்டா விட்டதுதான். டெனிஷிலை சொல் இருந்தது, ஏழு. ஃபார்ப்ரோர்ஸ் ஸொன். அப்பான்ரை சகோதரன்ரை மகன். எனக்கு நல்லாத் தெரியும். கேட்டிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பன். நான் கேக்கேல்லை.”

“ஏன் அக்கா கேக்கேல்லை?”

“எப்பிடிக் கேக்கிறது? எங்கடை ஆக்களிட்டை, அண்ணா எண்டு சொல்லுற ஆளிட்டை, ‘கூடப்பிறந்தவரோ’ எண்டு கேட்டுப் பார். அடிக்க வருவினம். வீட்டைப் பிரிக்கிற கேள்வி எண்டு நினைப்பினம். நான் மரியாதை பார்த்தனான்.” மூச்சை உள்ளே இழுத்து, “ஓம்” என்றார், தனக்கே சொல்வது போல. “அண்டையிலை இருந்து மரியாதை பாக்கிறேல்லை.”

பிறகு தொலைபேசியை எடுத்து, “சொரி ஃபொர் தி வெயிட்” என்றார்.

அடுத்த பத்து நாளும் கூண்டுக்குள் வேலை நடந்தது. ஒரு டயர் கம்பனியின் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் மஞ்சள் துண்டுகளை ஒட்டி ஒரு குடும்ப மரம் செய்தோம். மேலே அப்பப்பா. கீழே இரண்டு மகன்மார். ஒருவருக்குக் கீழே நான், மற்றவருக்குக் கீழே தம்பி. ஒவ்வொரு துண்டிலும் தமிழில் என்ன, டெனிஷில் என்ன, ஜெர்மனில் என்ன என்று அக்கா எழுதினார். தம்பியின் பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் சித்தப்பாவின் இடத்தில் சரியாகப் பொருந்தியது. ஆங்கிலப் பக்கத்தை அகராதிக்காரர் என் காரின் பின் ஆசனத்தில் இருந்து, ஊசி குத்திய கையை நீட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் எழுதினார். “தந்தையின் தம்பியின் மகன். இவர்கள் மொழியில் ‘இளைய சகோதரன்’ என்றே அழைக்கப்படுவார்.” கீழே சின்னதாக, ஆங்கிலத்துக்கும் ஒருகாலத்தில் தந்தையின் சகோதரனுக்குத் தனிச்சொல் இருந்தது என்றும், அது என்ன சொல் என்றும் எழுதினார். “நீதிபதிக்கு இது தேவையில்லை, ஆனால் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை” என்றார்.

விசாரணை நாளில் அக்கா விடுமுறை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். சாட்சியாக அல்ல. பின்னால் சுவரோரம் கதிரையில் இருந்தார், மரக்கட்டைச் செருப்போடு.

என் ஆங்கிலம் கார் ஓட்டப் போதும். அதற்குமேல் போகாது. நான் தமிழில் பேசினேன். மொழிபெயர்க்க ஒரு இளம் பெண் வந்திருந்தாள். அவளை எங்களுக்கு முன்பின் தெரியாது. எதிர்த்தரப்புக்காரர் கேட்டார்: இவர் உமக்கு யார்?

“என்ரை தம்பி” என்றேன்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். நீதிபதியைப் பார்த்து, இதை மொழிபெயர்க்கும் முன் சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்த அனுமதி வேண்டும் என்று கேட்டாள். நீதிபதி தலையசைத்தார். அவள் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு, “ஐயா, குறை நினைக்காதேங்கோ. கூடப்பிறந்த தம்பியோ, இல்லாட்டி எந்தப் பக்கத்துத் தம்பி?” என்றாள்.

எனக்குப் பின்னால் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பாவின்ரை தம்பியின்ரை மகன். எங்கடை வழக்கத்திலை அவன் தம்பி. ஜெர்மனியிலையும் நான் அப்பிடித்தான் எழுதினனான். ஒருத்தரும் பிழையா மொழிபெயர்க்கேல்லை. கேள்வியும் சரி, பதிலும் சரி. ரண்டும்தான் சந்திக்கேல்லை” என்றேன். அவள் அதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

வழக்கறிஞர் கலண்டரை நீட்டினார். நீதிபதிக்குத் தடிமன் பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவருடைய தந்தை இறந்தபிறகு இவரை யார் வளர்த்தது?

“என்ரை அப்பா. அவனுக்குப் பெரியப்பா. பெரியப்பா எண்டா பெரிய அப்பா” என்றேன்.

சில கிழமைகளில் தபால் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. மரத்தைப் பற்றி அதில் இரண்டு வரிதான் இருந்தது, ஃபேடெராவைப் பற்றி ஒன்றும் இல்லை. அகராதிக்காரருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவன் கூண்டுக்கு முன்னால் நின்று, “அக்கா” என்றான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் அண்ணை, “இப்ப கேப்பா பார், எந்தப் பக்கத்து அக்கா எண்டு” என்றார். அக்கா கேட்கவில்லை. அந்தப் பழைய துண்டை எடுத்தார். ‘ப்ரோர் – அண்ணா’ என்பதற்குக் கீழே, அவசரப்படாமல், ‘ஃபார்ப்ரோர்ஸ் ஸொன் – அண்ணா’ என்று எழுதினார். எழுத்துப் பக்கம் எங்களைப் பார்க்க, முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

“கனக்கப் பிந்திப்போச்சு” என்றார். பிறகு மைக்கை எடுத்து, “ஏழு, ஏன் நிக்கிறாய்? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அவர் ஆஸ்பத்திரியிலை காத்துக்கொண்டிருப்பார்” என்றார். நான் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அந்த அலுவலகம் கைமாறியது. அக்கா லண்டனிலேயே மோர்டன் பக்கம் போனார் என்றார்கள், திரும்ப டென்மார்க்குக்கே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். சுவரை வெள்ளையடித்துவிட்டார்கள். அந்தத் துண்டுகள் அதற்கு முதலே அங்கே இல்லை.

மகளே, படிவத்தைத் திருப்பித் தந்திருக்கிறேன். ‘அங்கிள்’ என்பதை வெட்டிவிட்டு, ‘அப்பாவின் சித்தப்பாவின் மகன், நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடுகிறோம்’ என்று ஆங்கிலத்தில் எழுது. கட்டம் சின்னதுதான். எழுத்து வெளியே போனால் போகட்டும். டீச்சர் சிரித்தாலும் பரவாயில்லை. மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கப்போகிறவன் என் தம்பி.